ஏலக்காரர் வாயடைத்துக் கிடந்த நாள்

ஒரே மூச்சில் நாற்பது கூடை மீனை ஏலம் விட்டுத் தள்ளுகிற மனிதர், பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு மல்லாந்து கிடந்தார். இரண்டு கன்னத்திலும் பஞ்சு, கீழுதட்டில் எச்சில் உறிஞ்சும் குழாய். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மனைவி இருபத்தெட்டு வருஷத்தில் காணாத அந்த அமைதியை நன்றாகவே ரசிக்கிறாள் என்பது கடைக்கண்ணில் தெரிந்தது.

"ஈறு பூரா புண்ணா இருக்கே. சுகர் இருக்கா?" என்றார் டாக்டரம்மா. மகள் வயதுதான் இருக்கும்.

"ஆ" என்றார் ஏலக்காரர்.

"இல்ல" என்றாள் மனைவி.

"படியேறினா மூச்சு வாங்குதா?"

"வாங்குது. கேட்டா ஒத்துக்க மாட்டார்."

டாக்டரம்மா கொக்கியால் சுரண்டிக்கொண்டே, கத்திரிக்காய் விலை விசாரிக்கிற குரலில் கேட்டார். "தாம்பத்யம் எப்படி? விறைப்புல ஏதும் சிரமம் இருக்கா?"

ஏலக்காரருக்கு உயிரே போய்விட்டது. ஒன்றரை வருஷமாகக் கட்டிக் காத்த ரகசியம். குறட்டை என்று சாக்குச் சொல்லி ஹால் சோபாவில் முதுகை ஒடித்துக்கொண்டது இதற்காகவா? ஒரே ஒரு 'இல்லை' போதும். ஆனால் நாக்கு டாக்டரம்மா வாய்க்குள் விட்டிருந்த குட்டிக் கண்ணாடிக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. மனைவி முந்திக்கொண்டாள்.

"ஹால்லதான் படுக்கிறார்."

டாக்டரம்மாவின் கை நின்றது. "ஏன் கேட்டேன்னா, இந்த அழற்சி ஈறோட நின்னுடாது. ரத்தக்குழாயோட உள்சுவரையும் கெடுக்கலாம். அந்த இடத்துக் குழாய் ரொம்ப மெலிசு, அதனால கோளாறு அங்கதான் முதல்ல தெரியும். இதயத்துக் குழாய் கொஞ்சம் பெருசு, தெரிய சில வருஷம் ஆகலாம். ஈறு மட்டும்தான் காரணம்னு நான் சொல்லல. ஆனா இந்த வாரமே இதய டாக்டரைப் பாத்துடுங்க."

இதயம் என்றதும் அவருக்கு வியர்த்தது. மனைவி ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்போ, என்னைப் பிடிக்காமப் போகலையா டாக்டர்?"

"அதை நான் எப்படிம்மா சொல்றது?" டாக்டரம்மா தட்டில் எதையோ தேடினார்.

ஏலக்காரருக்கு வெட்கமாக இருந்தது. தன் மானம் ஒன்றையே நினைத்துக்கொண்டு சோபாவில் கிடந்தவர், உள்ளே படுத்திருந்தவள் என்ன நினைப்பாள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. 'ஆ... ஆ...' என்று தலையைப் பலமாக ஆட்டினார்.

"ஆட்டாதீங்க சார், குத்திடும்."

கையை நீட்டினார். வாய் கொப்பளிக்க வைத்திருந்த டம்ளர் உருண்டு தரையெல்லாம் தண்ணீர். அதைப் பார்க்காமல் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க. டாக்டர் நிக்க இடம் வேணாமா?" என்றாள் அவள். கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

அவர் விடுவதாக இல்லை. டாக்டரம்மா பெருமூச்சு விட்டு, தட்டு வண்டியை உருட்டிக்கொண்டு நாற்காலியின் மறுபக்கம் போய் நின்றார்.