ஐந்து நிமிடத் தே தாரிக்

காஹாங் ஊரில் புது நெடுஞ்சாலை போட்டவர்கள் அதன் நடுவே இடுப்பளவு கான்கிரீட் சுவரையும் வைத்துவிட்டுப் போனார்கள். சுவருக்கு ஒரு பக்கம் சுலைஹாவின் சாப்பாட்டுக் கடை. மறுபக்கம் சமூக மண்டபமும் டயாலிசிஸ் நிலையமும். அவள் கணவர் முனீர் வாரம் மூன்று முறை நடந்தே போய் வந்த நிலையம் அது. இப்போது வேனில் ஊரைச் சுற்ற வேண்டியிருக்கிறது. சிகிச்சை முடிந்து தலைசுற்றலோடு வரும் மனிதரை அவ்வளவு தூரம் குலுக்கினால் வாந்தி எடுக்காமல் என்ன செய்வார்?  சுலைஹா நடைபாலம் கேட்டு மனு எழுதினாள், ஊரே கையெழுத்துப் போட்டது.

பதில் சொல்ல சாலை நிறுவனத்துப் பொறியியலாளர் சிவகணேசன், சுலைஹாவும் ஊராரும் கூடியிருந்த மண்டபத்துக்கு வந்தார். மனுவைப் புரட்டக்கூட இல்லை.

“யூ-டர்ன் இருக்குதானே? அஞ்சு நிமிஷம்லா. பாலம் எதுக்கு?” என்றவர், நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “அக்கா, உங்க கடை தே தாரிக் நல்லா இருக்குமாமே. ஒண்ணு கிடைக்குமா?”

“தாராளமா சார். அஞ்சு நிமிஷம்.”

கடையில் தேநீர் ஆற்றும் அக்பரைக் கைப்பேசியில் அழைத்தாள். “ஒரு தே தாரிக், அக்பர். ப்ளாஸ்க் வேணாம், கிளாஸ்லயே கொண்டா. வேன்ல ஏறி யூ-டர்ன்ல வா.”

எதிரே கடையில் அக்பர் பால் தேநீரை உயரத்திலிருந்து நுரை பொங்க ஆற்றியதை எல்லாரும் ஜன்னல் வழியே பார்த்தார்கள். வேன் புறப்பட்டு எதிர்த்திசையில் மறைந்ததையும் பார்த்தார்கள். யூ-டர்னில் செம்பனைப் பழ லாரிகள் வரிசை கட்டியிருந்தன. அக்பர் வந்து சேர முப்பத்தைந்து நிமிடம் ஆனது. கிளாஸில் தேநீர் பாதி சிந்திப்போய், மீதி ஆடை கட்டியிருந்தது.

சிவகணேசன் ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார். “என்னக்கா, பச்சத் தண்ணி மாதிரி இருக்கு! எதிர்ப்பக்கம்தானே கடை? இவரு அந்தச் சுவரத் தாண்டி வந்திருக்கலாமே!”

 தான் சொன்னது என்னவென்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

சுலைஹா மனுவை அவர் முன்னால் விரித்து, பேனா மூடியைக் கழற்றி வைத்தாள்.

“அத இதுல எழுதுங்க சார். சுவரத் தாண்டலாம்னு. எங்க வீட்டுக்காரரும் நாளைக்குத் தாண்டட்டும். இல்லன்னா பாலம் வேணும்னு எழுதுங்க.”

“இதெல்லாம் ஆபீஸ்ல பேசணும்க்கா. நான் கிளம்புறேன்.”

“எப்படிக் கிளம்புவீங்க? உங்க காருக்கு முன்னாடி என் வேன் நிக்குதே.”

அக்பர் சாவியை நீட்டினான். சுலைஹா அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு அவர் எதிரே உட்கார்ந்தாள்.