படகுத்துறையில் நின்றுவிட்ட பேச்சு

1957 செப்டம்பர் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, குன்வோர் படகேறி ஆஸ்லோவுக்குப் புறப்பட்டாள். அவளுடைய பேச்சு ஹெல்லவிக் படகுத்துறையிலேயே நின்றுவிட்டது. படகு கண்ணுக்கு மறைந்த பிறகும், பால்கேன்களுக்கு நடுவே ஒரு பத்தொன்பது வயதுக் குரல், போவோர் வருவோரிடமெல்லாம் ஆட்டுக்குச் சீக்கு தேவலையா என்று விசாரித்துக்கொண்டிருந்தது. பார்க்க ஒன்றும் இல்லை, குரல் மட்டும்தான். "ஏம்மா, மழை வருது, வீட்டுக்குப் போ" என்றார் துறைக்காரர் தோர்லேய்வ். அது பால்வண்டியில் ஏறிப் போய்விட்டது.

தப்பு குன்வோருடையதுதான், மறைப்பானேன். எங்கள் பக்கத்தில் மொழிக்கு மூன்று சொல் உண்டு. புத்தகத்திலும் பிரசங்க மேடையிலும் இருப்பது ஸ்ப்ரோக். வாயில் இருப்பது மோல். அது கரைக்குக் கரை மாறும், யார் வீட்டுப் பிள்ளை என்று காட்டிக்கொடுக்கும். பட்டணம் போய்த் திரும்பியவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்புவது க்னூத். அதைப் பேசியவரை ஊர் ஆயுசுக்கும் கேலி செய்யும். ஆஸ்லோவில் தொலைபேசி நிலையத்தில் வேலை கிடைத்ததும் குன்வோர், மோல் பேசினால் பட்டணத்தில் சிரிப்பார்களே என்று பயந்து, மூன்று மாதம் கொட்டகையில் பசுக்களிடம் பட்டணப் பேச்சைப் பழகினாள். புறப்படும்போது தன் பேச்சிடம், "நான் திரும்பி வர்ற வரைக்கும் இங்கயே இரு. கூட வந்து மானத்த வாங்காத" என்றாள். அது சொன்னபடி கேட்டது, அவ்வளவுதான்.

பால்வண்டியில் வந்த குரலுக்கு, வீட்டில் தனியாக இருந்த குன்வோரின் தாய் சிக்னே கதவைத் திறந்தாள். "வந்துட்டியாடி" என்று அடுப்போரம் ஒரு முக்காலி போட்டாள்.

கிறிஸ்துமஸுக்குக் குன்வோர் வந்தாள். "அம்மா, நலமாக இருக்கிறீர்களா?" என்றுதான் வாயில் வந்தது. சிக்னே பதறி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். தங்க விளிம்பு வைத்த விருந்தாளிக் கோப்பையை எடுத்தாள். "உக்காருங்க. காப்பி குடிக்கிறீங்களா?" என்றாள், பாதிரியாரிடம் பேசுவதைப் போல. பெற்ற மகளை நீங்க என்கிறாளே! குன்வோர் முக்கி முனகி மோலில் பேசிப் பார்த்தாள், க்னூத்தான் வந்தது. முக்காலி சிரித்தது.

"அம்மா, இவங்க என்னமோ மாதிரி பேசுறாங்க!"

"வாய மூடுடி, வந்திருக்கிறவங்க விருந்தாளி" என்று தாய் அடக்கினாள்.

குன்வோர் முக்காலி முன்னால் மண்டியிட்டாள். "என்னிடம் வந்துவிடு."

"அதெப்படிங்க? அவ வர்ற வரைக்கும் இங்கயே இருன்னு சொல்லிட்டுப் போயிருக்காளே."

பதினேழு கிறிஸ்துமஸ் இப்படியே போயின. அழுதாள், கெஞ்சினாள், மாதக்கணக்கில் வாய் திறக்காமலும் இருந்து பார்த்தாள். கோப்பை மட்டும் மாறவில்லை. 1974இல் சிக்னே படுத்த படுக்கையானபோது விடுப்பெடுத்து வந்து, கால் அமுக்கி, கஞ்சி ஊட்டினாள். சாவதற்குள் ஒரே ஒருமுறை வாடி என்று கூப்பிட்டுவிட மாட்டாளா என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஆசை. ஒரு வியாழக்கிழமை காலை சிக்னே கண் விழித்து அவளைப் பார்த்தாள்.

"நீங்க நல்லா இருக்கணும். கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? எம் மவகிட்ட பேசணும்."

குன்வோர் தள்ளிக்கொண்டாள். வேறு என்ன செய்ய முடியும்? தாயும் பேச்சும் எந்த ஆடு முதலில் குட்டி போடும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். "கறுப்புதான்டி" என்று சொல்லிவிட்டு சிக்னே இறந்துபோனாள்.

குன்வோர் வேலையை விட்டுவிட்டு அந்த வீட்டிலேயே தங்கினாள். அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. பேச்சுக்கு இன்னும் பத்தொன்பதுதான். தினமும் பதினோரு மணிப் படகுக்கு இருவரும் துறைக்கு வருவார்கள். இறங்குகிறவர்கள் எல்லோரும் போய் முடிந்ததும் அது கேட்கும்.

"அவ வந்துட்டாளாங்க?"

"இன்னும் இல்லை. அடுத்த படகில் வரக்கூடும்."

நாலு மணிப் படகுக்கும் வருவார்கள். தோர்லேய்வ் பெஞ்சில் இரண்டு பேருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்.