நன்றி அட்டையில் அயலவர்

காலமான மனைவி அன்னலட்சுமியின் முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்க வேண்டிய நன்றி அட்டையின் மாதிரி, குணரத்தினத்தின் கைபேசிக்கு வந்திருந்தது. முன்பக்கம் தமிழ், பின்பக்கம், வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளுக்காக ஆங்கிலம். உற்றார், உறவினர், நண்பர், தொலைபேசியில் ஆறுதல் சொன்னோர் என்று போய், கடைசியில், இடம் மிஞ்சியதால் போட்டதுபோல, அயலவர்.

அயலவர் என்றால் மதிலுக்கு அப்பால் இருக்கும் ஜெமீலாதான். அன்னலட்சுமி படுக்கையில் கிடந்த மாதங்களில் அவளுக்குத் தலைசீவி விட்டவள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்று தெரிந்து, கடைத்தெருவுக்குப் போய்ப் புதுச்சட்டி வாங்கி, மரக்கறி மட்டும் சமைத்து, "இதுல மீன், இறைச்சி பட்டதில்ல, நம்பிச் சாப்பிடுங்க" என்று மதிலுக்கு மேலால் நீட்டியவள். கொழும்பிலிருந்து வந்த மைத்துனர்கூட இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டார்.

"உங்களை உறவினரிலை போடப்போறன், தங்கச்சி."

"அல்லாவே, வேணாம் அண்ணன்! என்ன முறையெண்டு உங்கட மச்சான் கேட்டா நான் என்னத்தச் செல்ற?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னேரம் அட்டை அச்சுக்குப் போகிறது. அன்னலட்சுமி இருந்திருந்தால், இந்த வரிசையைக் கண்டதும் கிழித்துப் போட்டிருப்பாள்.

துறைமுகக் கந்தோரில் காலமெல்லாம் ஆங்கிலக் கடிதம் எழுதியவர் அவர். பழக்கதோஷத்தில் அகராதியை எடுத்து ‘நெய்பர்’ என்ற சொல்லின் பிறப்பைப் பார்த்தார். பழைய ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் சேர்ந்தது. முன்பாதிக்குப் பொருள் ‘கிட்ட’. பின்பாதி ‘கெபூர்’: குடியிருந்து நிலம் செய்பவன். ஜெர்மன் மொழியிலும் இதே சொல் உண்டு என்று போட்டிருந்தது. ஜெர்மனியில் இருக்கும் மகள் லக்சனாவுக்கு அழைத்தார்.

"ஓம் அப்பா, இஞ்சை ‘நாஹ்பார்’. வயல் செய்யிற கமக்காரனுக்கு ‘பௌவர்’. ரெண்டும் ஒரே வேர் எண்டு மொழி வகுப்பிலை சொன்னவை. என்ரை நாஹ்பார் எண்டால், பிள்ளையள் ஓடுற சத்தத்துக்கு முறைப்பாட்டுக் கடிதம் போடுற மனுசி!"

இந்தமுறை சிரித்தார். கிளிவெட்டியில் தகப்பனின் வயலுக்கு அடுத்த வயல்காரர் நினைவுக்கு வந்தார். தன் மடையைத் திறக்க வந்தால், இந்தப் பக்கத்து வரம்பு உடைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுப் போகிறவர். உறவுமில்லை, நண்பருமில்லை. அவரில்லாமல் ஒரு போகமும் ஒழுங்காக வீடு வந்து சேர்ந்ததில்லை.

அச்சகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். "அயலவரை முதலாவதாப் போடுங்கோ. ஜெமீலா குடும்பம் எண்டு பேரும் வரவேணும்."

"உறவினருக்கு முன்னாலையோ ஐயா? ஆக்கள் குறை நினைப்பினம்."

"நினைக்கட்டும்."

பிறகு மதிலடிக்குப் போனார். "தங்கச்சி, உங்களை உறவினரிலை போடேல்லை."

"அப்பாடா!" என்றாள் ஜெமீலா.

மற்றதை அட்டை வந்ததும் பார்க்கட்டும் என்று அவர் இருந்துவிட்டார்.