எவேலியோவின் குரல் இருந்த டிஸ்க்

தப்பு எவேலியோவுடையதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கியூபாவில், எங்கள் சியன்ஃபுவேகோஸ் ஊரில், வாராவாரம் அதற்கென்று இருக்கும் ஆட்களிடம் ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்துப் புது நாடகங்களை நிரப்பி வாங்குவோம். பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதை ஏற்றுவார்கள். எவேலியோ வீட்டு டிஸ்க்கில் ஓர் ஓரமாக அவர் மனைவி நெரெய்தா வீட்டு வீடியோக்களைச் சேர்த்து வைத்திருந்தாள். டிஸ்க்கைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அதைத் தொடாதே என்று சொல்ல எவேலியோவுக்குக் குரல் இல்லை. தொண்டை அறுவையோடு அது போய்விட்டது. எழுதியாவது காட்டியிருக்கலாம் இந்த மனுஷன்.

அந்த வீடியோக்களோடு அழிந்தது அவருடைய குரலேதான். பேஸ்பால் மைதானத்து ஒலிபெருக்கியில் ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லி அழைத்த குரல். வேறு எங்கும் அதற்குப் பிரதி கிடையாது.

என் கடைக் கணினியில் மீட்பு மென்பொருளை ஓடவிட்டேன். ஆண்டுக்கணக்காக அழித்த நாடகங்கள் அத்தனையும் எழுந்து வந்தன. கண்டெடுக்கும் ஒவ்வொன்றையும் அது கணினியின் தற்காலிக நினைவகமான ரேமில் பிடித்து வைத்துக்கொள்ளும். என் கணினியில் ரேம் கொஞ்சம்தான். நிரம்பினால் மென்பொருள் தானே மூடிக்கொள்ளும், கிடைத்ததும் கையைவிட்டுப் போகும். மறுபடி தேட அந்தக் கிழட்டு டிஸ்க் தாங்காது. பாட்டை நிறுத்தினேன், மற்றதையெல்லாம் மூடினேன், ரேம் எவ்வளவு நிரம்பியது என்று காட்டும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னடி யுதெல்கிஸ், கோடு ஏறிக்கிட்டே போகுது?” என்று பக்கத்தில் நின்ற நெரெய்தா என்னிடம் கேட்டாள்.

“உங்க நாடகப் பைத்தியம்தான் அக்கா ஏறுது. ஒண்ணு விடாம பாத்திருக்கீங்களே!”

“நானா? இவருதான் உக்காந்து அழுவாரு.”

எவேலியோ இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

கோடு எண்பது சதவீதத்தைத் தாண்டியபோது பட்டியலில் ஒரு வீட்டு வீடியோ தலைகாட்டியது. நெரெய்தா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். தொண்ணூறு ஆனதும் நான் அவள் பக்கம் திரும்பினேன்.

“அக்கா, இப்ப நிறுத்தினா இந்த ஒண்ணு மிஞ்சும். விட்டா மைதானத்து வீடியோவும் வரலாம், எல்லாமே போனாலும் போயிரும்.”

“விடு. மைதானம் வேணும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் இவரைக் கட்டிக்கிட்டேன்.”

கோடு இன்னும் ஏறியது. எவேலியோ எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். நிறுத்து என்று திரையில் இருந்த பொத்தானைக் காட்டினார்.

“உங்களுக்கு அறிவிருக்கா?” என்று அவள் கத்தினாள். “மத்ததெல்லாம் போயிருமே!”

அவர் விரலை எடுக்கவில்லை. குரல் அவருடையது, நான் நிறுத்திவிட்டேன்.

அந்த ஒன்றை வேறு டிஸ்க்கில் இறக்கித் திறந்தேன். அடுப்பில் பீன்ஸ் கொதிக்கிறது, வேறொன்றும் இல்லை. நெரெய்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இதற்கா நிறுத்தினோம் என்று எனக்கே அவர்மேல் ஆத்திரம் வந்தது.

அப்போது வீடியோவுக்குள், பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல அந்தக் கனத்த குரல் கேட்டது. “நெரெய்தா, காப்பி என்ன ஆச்சு?”

“வருதுய்யா, ஏன் பறக்குறீங்க?” என்று என் கடையில் நின்ற நெரெய்தா பதில் சொன்னாள். சொன்னபோது அவள் திரையைப் பார்க்கவில்லை, எவேலியோவைத்தான் பார்த்தாள்.