சிவரஞ்சனியின் பாதி

சிங்கப்பூரில் கம்பெனி தொடங்க அங்கே போக வேண்டியதில்லை. அங்கே குடியிருக்கும் ஒரு இயக்குநர், ஒரு முகவரி, இங்கிருந்து பாஸ்போர்ட்டோடு வீடியோவில் முகம் காட்டப் பங்குதாரர்கள். அவ்வளவுதான். இதையெல்லாம் விசாரித்து வைத்தது என் மனைவி சிவரஞ்சனி. செட்டிகுளத்துச் சின்ன வெங்காயத்தை இடையில் யாருமில்லாமல் நாங்களே சிங்கப்பூரில் இறக்கி விற்க வேண்டும் என்பது அவள் திட்டம். கம்பெனியில் பாதி அவள் பெயரில், பாதி என் பெயரில். அவளோடு கல்லூரியில் படித்த அனிதா, சிங்கப்பூரில் கம்பெனிகளைப் பதிவு செய்து கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். இயக்குநர், முகவரி எல்லாம் அவளே தயார் செய்திருந்தாள்.

மாசியில் காய்ச்சல் வந்து சிவரஞ்சனி இறந்துபோனாள்.

ஐப்பசியில் அவள் அண்ணன் மணிவேல் அரியலூரிலிருந்து போன் செய்தார். சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரிகள் வைத்திருப்பவர். தங்கச்சியின் பாதி தங்களுக்குத்தான் வர வேண்டும், அதை அம்மா பெயரில் போட்டுவிடலாம் என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் இன்னொரு போன். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் வருஷம் திரும்பாமல் ஒரு தொழிலில் கையெழுத்துப் போட்டால் அது விளங்காதாம்.

"இப்பதைக்கு மொத்தமும் அம்மா பேருல இருக்கட்டும் மாப்ள. வருஷம் திரும்பட்டும், பாத்துக்கலாம்."

அனிதாவிடம் சொன்னேன். "நீங்க என்ன நெனைக்கிறீங்க அண்ணா?" என்றாள். எனக்குப் பணத்தைப் பற்றி எந்த நினைப்பும் இல்லை. அந்தத் திட்டத்தில் சிவரஞ்சனி இருந்த இடத்தில் இன்னொரு பெயர் வரக்கூடாது. அதை மட்டும் நினைத்தேன். பாதியைக் காலியாக விட முடியுமா என்று கேட்டேன். பங்கு என்று இருந்தால் அதற்கு ஆள் வேண்டும் என்றாள்.

மணிவேல் சொன்னபடி மொத்தத்தையும் அத்தை பெயரில் போடச் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு அனிதா நேரம் கொடுத்திருந்தாள். அப்போது சிங்கப்பூரில் ஐந்தரை, அதற்கு மேல் ஆபீஸ் இருக்காது. மணிவேலின் லாரி ஆபீஸ் அவர் வீட்டின் முன்னறைதான். மேஜை, நாற்காலி, சாமி படம் எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூசி. மாமியார் சம்பூர்ணம் டீ கொண்டுவந்து வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது ராகுகாலம் ஆயிற்றே என்று மகனிடம் மட்டும் சொன்னார்.

"கம்பெனி பொறக்குறது அங்கம்மா. அங்க ராகுகாலம் எப்பவோ முடிஞ்சிருச்சு" என்றார் மணிவேல்.

என் கையெழுத்துக்கு அரியலூர் வழக்கம், ராகுகாலத்துக்குச் சிங்கப்பூர் சூரியன். நான் டீயை எடுத்து இரண்டு வாய் குடித்தேன்.

லேப்டாப்பில் அனிதா வந்தாள். அத்தையைப் பாஸ்போர்ட்டை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னாள். இதற்கென்றே எடுத்த பாஸ்போர்ட், அட்டை மடங்கவே இல்லை. பெயர், பிறந்த வருடம் எல்லாம் கேட்டுவிட்டு, இந்தக் கம்பெனி என்ன செய்யப் போகிறது என்று கேட்டாள்.

"எனக்கென்னம்மா தெரியும்? அவன் காட்டுற எடத்துல கையெழுத்துப் போடுவேன். லாரிக்கும் அப்படித்தான் போட்டேன்."

மணிவேல் சிரித்தபடி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார்.

"பேருக்குத்தாம்மா எங்கம்மா. நடத்துறது பூரா நானு. எங்க வண்டி அத்தனையும் அவங்க பேருலதான் ஓடுது."

"அப்ப உங்க பேருலயே போட்டுடலாமேண்ணே?"

"எம்மேல குவாரி கேஸ் ஒண்ணு கெடக்கும்மா. அதுக்குத்தான அம்மா பேரு."

இங்கே எந்த ஆபீசில் இதைச் சொன்னாலும் எதிரில் இருப்பவர் தலையாட்டுவார். விவரமான ஆள் என்று நினைப்பார். மணிவேலும் அந்தத் தலையாட்டலுக்காகத்தான் காத்திருந்தார். அனிதா தலையாட்டவில்லை.

"அண்ணே, நாம பேசுறது ரெக்கார்ட் ஆகுது."

பிறகு நிதானமாகச் சொன்னாள். கம்பெனியை உண்மையில் யார் நடத்துகிறார்களோ அவர்கள் பெயரை அங்கே கொடுத்தே ஆக வேண்டும். மணிவேலின் காகிதங்கள் வேண்டும், வழக்கின் காகிதங்களும் வேண்டும். கொடுத்தாலும், இதைக் கேட்ட பிறகு தன் நிறுவனம் இந்தப் பெயரில் பதிவு செய்யாது. கேட்காத மாதிரி இருக்கத் தன்னால் முடியாது.

மணிவேல் என்னைப் பார்த்தார்.

"ஒனக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

சிவரஞ்சனி எப்போதோ விளக்கியிருந்தாள். சோறு பிசைந்துகொண்டே சொன்னாள்.

"தெரிஞ்சுக்கிட்டே வாயத் தெறக்காம உக்காந்திருக்க. ஏன்டா சொல்லல?"

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என்னை 'டா' போட்டதில்லை.

"நீங்க கேக்கல மச்சான்."

விண்ணப்பத்தைக் கைவிடுவதா, என் ஒருவன் பெயரில் போடுவதா என்று அனிதா கேட்டாள். என் பெயரில் போடு என்றேன். பையிலிருந்த என் பாஸ்போர்ட்டை எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். மணிவேல் எழுந்து என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். திரையில் என் தலைக்கு மேலே அவருடைய சட்டைப் பித்தான்கள் தெரிந்தன.

அழைப்பு முடிந்ததும் சொன்னார்.

"பொண்டாட்டி செத்தா மொத்தமும் புருசனுக்கு. நல்ல வியாபாரம்டா. இதுக்குத்தான் கட்டுனியா?"

காகிதத்தில் அது உண்மைதான். நூற்றுக்கு நூறும் என் பெயர். அவள் இடத்தில் வேறு பெயர் வரவில்லை, என் பெயர் வந்திருக்கிறது. அது வேறு பெயர் இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

"எம்மவளோடது ஒண்ணுகூட எங்களுக்கு வரக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டீங்க" என்றார் அத்தை. நான் பாதி குடித்திருந்த டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அந்த வீட்டிலிருந்து நான் சாப்பிடாமல் கிளம்பியது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை பதிவு முடிந்தது. வெங்காயத்தைச் சேமித்து வைக்கும் பட்டறையில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தபோது அனிதாவின் வாழ்த்து வந்தது. கம்பெனிக்கு நம்பர் வந்துவிட்டது, இனி பேங்க் கணக்குதான் பாக்கி என்று எழுதியிருந்தாள். பதில் போடுவதற்குள் மணிவேலின் அழைப்பு வந்தது. யார் சொன்னார்களோ.

"கம்பெனி வச்சிட்டியாமே. உன் வெங்காயம் அரியலூரைத் தாண்டாது, பாத்துக்க."

"அரியலூர் வழியா வராது மச்சான். பாடாலூர் போயி நாலு வழிச்சாலையில ஏறிடும்."

அவர் குரல் இறங்கியது.

"இனிமே என்னய மச்சான்னு கூப்புடாத."

வைத்துவிட்டார். அனிதாவின் வாழ்த்துக்கு என்ன எழுதுவது என்று யோசித்தேன். இப்படிப்பட்டதற்கெல்லாம் எங்கள் வீட்டில் பதில் எழுதியது சிவரஞ்சனிதான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த மூட்டையின் வாயைத் தைக்கத் தொடங்கினேன்.