கயலின் உதடசைவு

மற்றவர்களைத் திட்டுவதற்கென்றே நான் யூடியூப் சேனல் நடத்துவதாக என் அம்மா சொல்வாள். அது பொய். அனிமேஷன் படங்களைப் பற்றிப் பேசும் சேனல் அது. நல்லதையும் சொல்வேன். திட்டினால்தான் கூட்டம் கூடுகிறது, அதற்கு நான் என்ன செய்ய?

சமீபத்தில் வரும் படங்களையே பாருங்கள். தண்ணீரைத் தொட்டால் கை நனையும்போல வரைகிறார்கள். காற்றடித்தால் தலைமுடி இழை இழையாகப் பறக்கிறது. அந்தத் தலைக்குள்தான் ஒன்றும் இருப்பதில்லை. எல்லாப் பெண்களுக்கும் ஒரே மூக்கு. எல்லா அப்பாக்களும் இடைவேளைக்குள் செத்துப்போகிறார்கள். தமிழில் வருவதோ பெரும்பாலும் வேற்றுமொழி வாயசைப்பின் மேல் ஒட்டிய தமிழ். ‘அம்மா’ என்று கூப்பிடும்போது உதடு ஒட்டவே ஒட்டாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால்தான் ‘கழிமுகத்துக் கயல்’ தொடரை ஆசையாகப் பார்த்தேன். செங்கல்பட்டில் இருக்கும் ஒரு சின்ன ஸ்டுடியோ தமிழிலேயே எடுத்தது. கயல் முட்டுக்காட்டில் படகோட்டும் பெண். கழிமுகத்தில் விழும் காலை வெயிலும், அவள் அம்மா நண்டு கழுவும் கைகளும் அப்படியோர் அழகு. வில்லன்தான் சொதப்பல். எதற்காகக் கெட்டவனானான் என்று அவனுக்கே தெரியாது.

ஊரப்பாக்கத்திலிருந்து வேலைக்குப் போகிற மின்சார ரயிலில், காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, கைபேசியில் நான்கு எபிசோடுகளையும் பார்த்து முடித்தேன். வாயசைப்பு என் உயிரை வாங்கிவிட்டது. அந்த வார விமர்சனத்தில் சொன்னேன்: “உதடு ஊரப்பாக்கத்துல இருக்கு, குரல் கூடுவாஞ்சேரியில வருது. தமிழ்ல எடுத்தும் இந்த லட்சணம்னா, அந்த உதட்டைச் செஞ்சவங்க வேற வேலை பாக்கலாம்.”

அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஊரெல்லாம் பரப்பினார்கள். இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த மாதம் சேனலின் எண்ணுக்கு ஒரு பெண் போன் செய்தாள்.

“ஏம்மா, பிரதீபான்றது நீதானா? திருப்போரூர்லேர்ந்து தனகோடி பேசறேன். இட்லிக்கடை வெச்சிகிறேன். என் பொண்ணுக்குப் பொறந்ததுலேர்ந்து காது கேக்காது. வாயப் பாத்துதான் புரிஞ்சிக்கும். வேற எந்தப் பொம்மப் படமும் அதுக்குப் புரியல. கயல் பேசறத மட்டும் பாத்துகினு கெக்கெக்கேன்னு சிரிக்குது. நீ இன்னாடான்னா உதடே தப்புன்ற. உனுக்கு கண்ணுல எதுனா கோளாறு கீதா?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் சொல்வது சரி என்று பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமையே திருப்போரூருக்குப் பஸ் ஏறினேன்.

முன்னால் கடை, பின்னால் வீடு. தனகோடியின் மகள் கீர்த்தனாவுக்குப் பத்து வயது. பேச்சுப் பயிற்சிக்குப் போனவள், அதனால் இழுத்து இழுத்துப் பேசுவாள். அன்று காலையில்தான் ஐந்தாவது எபிசோடு வந்திருந்தது. அவள் இன்னும் பார்க்கவில்லை. டிவியில் சத்தத்தை நிறுத்தி ஓடவிட்டோம். கயல் வாயசைக்க அசைக்க, வசனத்தை அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் காதில் இயர்போனை மாட்டி அதே எபிசோடைக் கைபேசியில் ஓட்டிச் சரிபார்த்தேன். ஏழெட்டு வசனத்துக்கு ஒன்றுதான் அவளுக்குத் தவறியது.

ஆனால் என் கைபேசியில் உதடு முன்னால் போனது, குரல் பின்னால் வந்தது.

தனகோடி டிவியில் சத்தத்தை வைத்தாள். கயல் ‘அம்மா’ என்றபோது உதடுகள் மிகச் சரியாக ஒட்டின. நான் இயர்போனைக் கழற்றிவிட்டுக் கைபேசியின் ஸ்பீக்கரில் ஓடவிட்டேன். அதிலும் சரியாக இருந்தது. மறுபடி மாட்டினால் தப்பு. மலிவான ப்ளூடூத் இயர்போனில் ஒலி கொஞ்சம் பிந்தி வரும். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. இதைப் பற்றி நானே ஒரு வீடியோ போட்டிருக்கிறேன். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

மறுநாள் லீவு போட்டுவிட்டுச் செங்கல்பட்டுக்குப் போனேன். ஸ்டுடியோவை நடத்தும் பன்னீர்செல்வம் என்னை வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

“அந்த உதட்டைச் செஞ்சது மார்கரெட். கண்ணாடி முன்னாடி உக்காந்து ஒவ்வொரு வசனத்தையும் தானே பேசிப் பாத்துதான் வரைவாங்க. உங்க வீடியோவுக்கு அப்புறம் அவங்கள நிறுத்திட்டோம். அடுத்த சீசன்ல உதடெல்லாம் சாஃப்ட்வேர்தான்.”

“சரியா இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும்தானே சார்?”

“தெரியும். ரெண்டு லட்சம் பேர் சிரிச்சா, நம்ம கண்ணு மேலயே நமக்குச் சந்தேகம் வந்துடுதும்மா.”

அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. தப்பு என்னுடையது என்று அன்றைக்கே வீடியோ போட்டேன். தொள்ளாயிரம் பேர் பார்த்தார்கள். அதற்காக மார்கரெட்டைத் திரும்பக் கூப்பிட முடியாது என்று பன்னீர்செல்வம் சொல்லிவிட்டார். அடுத்த சீசனின் முதல் எபிசோடைக் கீர்த்தனாவுக்குக் காட்ட ஒரே ஒரு தடவை திருப்போரூருக்கு வாருங்கள் என்று அவரை நச்சரித்தேன். என் தொல்லை தாங்காமல் அடுத்த ஞாயிறு வந்தார்.

சாஃப்ட்வேர் செய்த கயலை டிவியில் ஓடவிட்டோம். கீர்த்தனா சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். ஒரு வசனமும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

“கயலுக்கு ஒடம்பு சரியில்லையா? வாய மட்டும் தெறந்து தெறந்து மூடறா. பேசவே மாட்றா.”

பன்னீர்செல்வம் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு கைபேசியை எடுத்து மார்கரெட்டுக்கு வீடியோ கால் போட்டார்.

நாற்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி திரையில் வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. அந்த நேரம் பார்த்து, மறுநாள் மாவுக்காகப் போட்டிருந்த கிரைண்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பன்னீர்செல்வம் கத்தினார், நானும் “மன்னிச்சிடுங்க மேடம்” என்று கத்தினேன். அவர் வாய் அசைந்தது, எங்களுக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை. கயலின் உதட்டை வரைந்தவர் இவர்தான், திரும்பக் கூப்பிடுகிறோம் என்று நான் கீர்த்தனாவைப் பார்த்து வாயசைத்ததும் அவள் கைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

“நீங்க செஞ்ச கயல்தான் எனக்குப் புரியுது. வருவீங்களா?”

மார்கரெட் அவளையே பார்த்தார். அப்புறம் நிதானமாக, உதட்டசைவு ஒவ்வொன்றும் தெரியும்படி, நிறையப் பேசினார். கீர்த்தனா கண்ணிமைக்காமல் பார்த்துவிட்டு எங்களிடம் சொன்னாள்.

“திங்கக்கெழம வராங்களாம்.”

பன்னீர்செல்வம் பெருமூச்சு விட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் மனம் கேட்காமல், கீர்த்தனாவின் எதிரே உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திக் கேட்டேன்.

“என்னப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“சொன்னாங்க. அத நான் சொன்னா எங்கம்மா அடிக்கும்.”