உட்கார ஒரு நாள்

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கூடத்தில் சாப்பாட்டு மணி அடித்ததும், போர்வைக் கட்டை மேசையாக்கிப் போக்கர் ஆடுவார்கள். பந்தயம் பெரும்பாலும், வடிகால் வலையில் அடைத்த நூல்குப்பையை யார் அள்ளுவது என்பதுதான். அன்று அப்படி முடியவில்லை, கண்ணுகளா.

பாய்லர்க்காரரிடம் இரண்டு பித்தளை டோக்கன்கள் இருந்தன. கூடுதல் வேலை பார்த்தால் சூப்பர்வைசர் தருவது. ஒரு டோக்கனுக்கு ஒரு நாள் லீவு. சொல்லாமல் நின்றால் வேலை போய்விடும். வெளியூரில் அவருடைய அக்கா படுத்த படுக்கை. தாயில்லாத வீட்டில் அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். ஒரு வாரம் தாங்கினால் பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போக ஒரு நாள், வர ஒரு நாள். பக்கத்தில் உட்கார ஒரு நாள் இல்லை. அந்த மூன்றாவது டோக்கனை ஜெயிக்கத்தான் ஆட உட்கார்ந்தார்.

எதிரே இஸ்திரிக்காரர். கையில் ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் திறக்கும் ஐந்தும் பொது. முதல் மூன்று: ஆட்டின், அதாவது சிவப்பு இதயம் போட்ட சீட்டில், பத்தும் ஒன்பதும், பிறகு கிளாவர் மூன்று. ஐந்து ஆட்டின் சேர்க்கவும் வழி உண்டு, வரிசை கட்டவும் வழி உண்டு. பாய்லர்க்காரர் கையில் ஆட்டின் கிங், ஆட்டின் ஐந்து. நடுவில் அடுத்துத் திறந்தது இஸ்பேட் இரண்டு. கடைசியாக டைமன் கிங். ஆட்டின் வரவில்லை, கிங் மட்டும் ஜோடியானது.

இஸ்திரிக்காரர் தன் டோக்கன் இரண்டை நடுவில் வைத்தார். "என்னய்யா, ஆவி அடங்கிடுச்சா?"

"இருங்கண்ணே, யோசிக்க விடுங்க."

"யோசி, யோசி. அதுக்குள்ள நான் நாலு கவுன் தேய்ச்சிருப்பேன்."

துரத்திய சீட்டு வராதவன்தான் கடைசியில் பெரிதாக வைத்து மிரட்டுவான். அவனை விடக் கூடாது. பல மதியங்கள் பார்த்து பாய்லர்க்காரர் கற்றது அது.

"ஆட்டின் துரத்துனீங்க, வரல. சும்மா மிரட்டுறீங்க." இரண்டு டோக்கனையும் வைத்துவிட்டார்.

இஸ்திரிக்காரர் சீட்டைத் திருப்பினார். இஸ்பேட் குயின், கிளாவர் ஜாக்கி. ஒன்பதிலிருந்து கிங் வரை வரிசை, ஜோடியை விடப் பெரிது. இவருக்கு ஜோடி கொடுத்த அதே கிங்தான் அதை முடித்திருந்தது.

தலையணை உறை தைத்துக்கொண்டிருந்த தையல்காரம்மா எட்டிப் பார்த்தாள். "ஏம்ப்பா, நடுவுல ரெண்டு ஆட்டின், உன் கையிலயே ரெண்டு. அப்புறம் அவருகிட்ட ஆட்டின் இருக்கும்னு எந்த தைரியத்துல நெனச்ச?"

பாய்லர்க்காரர் தன் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்காவைப் பாக்கணும்ணே."

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" இஸ்திரிக்காரர் நான்கு டோக்கனையும் மெல்ல எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். "எனக்கும் நாலு நாள் வேணும்யா. பொண்ணுக்குப் பிரசவம்."

சாயங்காலம் அக்கா போனில் கேட்டாள். "எப்படா வர்ற?"

"லீவு கேட்டிருக்கேன்க்கா."

"சரி. சாப்ட்டியா?"

நான்காம் நாள் செய்தி வந்தது. சாவுக்கு டோக்கன் கேட்பதில்லை. சூப்பர்வைசர் எழுந்து நின்று, தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"மூணு நாள் போட்டிருக்கேன். போதுமாய்யா?"